மேசைமேல் இரண்டு ஜோடி

— நாற்காலிய இன்னும் கொஞ்சம் முன்னாடி இழு. அதாவது, ரெண்டு ஜோடி ஸ்பீக்கரும் உன் காது மட்டத்துக்கு வரணும்.

— பதினோரு வருஷமா நான் மைக்குல கதை பேசுறேன், நீங்க அத வெட்டி ஒட்டுறீங்க. ஒரு ஒயர் வாங்கக்கூட என்னக் கேட்டதில்ல. இன்னைக்கு என்ன புது மரியாதை?

— பொண்டாட்டிகிட்ட கேக்குறது குத்தமா? இது உள்பக்க ஜோடி, பழசு. கேளு... எப்படி?

— என் கொரல். போன மாசம் ஆடியோ புத்தகக் கம்பெனிக்குப் போய்ப் பேசினது, அந்த நாவலோட மூணாம் பாகத்துக்குச் சாம்பிள். அதுக்கப்புறம் அவங்ககிட்டேருந்து ஒரு போன் இல்ல.

— கொரல விடு. ஸ்பீக்கர் பெட்டியச் சொல்லு.

— கீழ எறங்கினா குமுகுமுங்குது. பீரோக் கதவு வேற கூடச் சேர்ந்து முனகுது.

— அது ரூமு பண்ற வேல. அதாவது, நாலு பக்கமும் மொட்டச் செவுரு, சன்னலுக்கு ஒரு திரை கெடையாது. சத்தம் முட்டி முட்டித் திரும்புது. அதக் கழிச்சுட்டுக் கேளு. இப்ப வெளிப்பக்க ஜோடி, புதுசு.

— ம். இது தேவல. மூச்சு வாங்குறதுகூட அளவா இருக்கு.

— நெசமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல.

— பெட்டி பாக்குறதுக்கு உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— சத்தம் வரும்னு ஃபேன நிறுத்தியிருக்கேன்ல.

— சரி. புதுச மறுபடி போடுங்க.

— கேளு. ஏய், அதுமேல கை வைக்காத.

— ஏன், கடிக்குமா? பழசத் தொட்டா துடிக்குது. இது சும்மா கெடக்கு.

— புதுசுல அதாவது... அதிர்வு கம்மி.

— கம்மி இல்ல, பொணம். பின்னாடி ஒயரே மாட்டல. என் காதுல பூ சுத்தாதீங்க. ரெண்டு தடவையும் பேசினது பழைய பெட்டிதான். நீங்க மாத்தினது ஃபைலத்தான். எனக்குப் பதிலாப் பேச எவளப் புடிச்சிருக்கீங்க?

— எவளும் இல்ல.

— பின்ன?

— மிஷினு. நீ பேசின ரெண்டு பாகத்தையும் அதுக்கு ஊட்டி, உன்ன மாதிரியே பேசப் பழக்கிட்டாங்க கம்பெனிக்காரங்க.

— யாரக் கேட்டு?

— நீ கையெழுத்துப் போட்ட காகிதத்துல இருக்காம். படிக்காமப் போட்டோம்.

— எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?

— சொல்லிட்டா காது பொய் சொல்லும். ஃபைல் ரெண்டையும் பேரு போடாம அனுப்பியிருக்காங்க. எது உன் கொரல்னு நான் சரியாச் சொல்லிட்டா மூணாம் பாகம் உனக்கு. தப்பாச் சொன்னா அதுக்கு. சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும்.

— அட, இதுக்கா இம்புட்டு நாடகம்? என் மூச்ச வெட்டி வெட்டியே உங்க வெரலு தேஞ்சு போச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. சொல்லுங்க, நான் தேவலன்னு சொன்னது என்னையா, அதையா?

— காலையிலேருந்து நாப்பது தடவ போட்டுக் கேட்டேன். எனக்குத் தெரியல.