மடத்துவெளியில் கடலுக்கு இடமில்லை

வினோஜா: முப்பத்தொன்பது.

அனோஜன்: காய்ச்சல். ரெண்டு பனடோலைப் போட்டிட்டுப் படும்.

வினோஜா: எனக்கில்லை. மடத்துவெளிக்கு.

அனோஜன்: ஊருக்கே காய்ச்சலோ?

வினோஜா: பகிடி விடாதேயும் அனோஜன். லப்டொப்பை இஞ்சாலை திருப்பிப் பாரும். எங்கட காலநிலை மொடல் நேற்று முழுக்க ஓடி, கடைசியா இந்த வெப்பத்தைத்தான் துப்பியிருக்கு. முப்பத்தொன்பது பாகை.

அனோஜன்: சித்திரை மாசமெண்டால் அப்பிடித்தான்.

வினோஜா: இது மார்கழி.

அனோஜன்: ... மத்தியானமாக்கும்.

வினோஜா: விடியப்புறம் நாலு மணி. திருவெம்பாவைக்குச் சங்கூதிக்கொண்டு போற ஆள் கோயில் வாசலுக்கு வர முந்தியே அவிஞ்சு போயிடுவார்.

அனோஜன்: சரி, உங்கட இறுப்பிட்டிக்கு எவ்வளவு?

வினோஜா: அதை விடும்.

அனோஜன்: சொல்லுமன்.

வினோஜா: நாப்பது.

அனோஜன்: எங்களை வெண்டிட்டியள். சந்தோஷம்தானே?

வினோஜா: எங்களைப் படிப்பிக்கிற சேரும் பாத்திட்டார். காலமை மெசேஜ் வந்தது. “நான் புங்குடுதீவுக்கு வாறன், நகரத்தைக் காட்டுங்கோ.” அவ்வளவுதான். வணக்கமும் இல்லை.

அனோஜன்: எந்த நகரத்தை?

வினோஜா: நாங்கள் மொடலுக்குள்ளை கட்டின நகரத்தை. நேரை இஞ்சை உம்மட வீட்டுக்குத்தான், இப்ப வேலணை தாண்டியிருப்பார். மொடலிலை உம்மட ஊர் விழுற சதுரத்தைத் திறவும். கெதியா.

அனோஜன்: திறந்தாச்சு.

வினோஜா: கட்டிடமும் றோட்டும் கூடினால்தான் இந்தச் சூடு வரும். எத்தனை வீதம்?

அனோஜன்: எண்பத்திரண்டு.

வினோஜா: பனையும் பற்றையும்?

அனோஜன்: பதினெட்டு.

வினோஜா: கடல்? அந்தச் சதுரத்திலை மூண்டிலொரு பங்கு கடல். கடல் எங்கை?

அனோஜன்: இடம் காணேல்லை.

வினோஜா: என்ன?

அனோஜன்: ஒரு சதுரத்துக்கு எல்லாம் சேர்த்து நூறுதான் வரலாம், கூடினால் மொடல் ஓடாது எண்டு சேர் சொன்னவரெல்லே. வீடுகளைப் போட்டு முடிய நூற்றி முப்பத்திமூண்டு வந்திட்டுது. எதையாவது எடுக்கத்தானே வேணும்?

வினோஜா: அதுக்குக் கடலையோ எடுக்கிறது!

அனோஜன்: பனையிலை கை வைச்சால் வளவுக்காரர் சண்டைக்கு வருவினம். கடலுக்கெண்டு கேக்க ஒருத்தரும் இல்லை.

வினோஜா: சுத்திவரக் கடலில்லாத தீவுக்கு என்ன பேர் வைக்கிறது?

அனோஜன்: வசதி. பாலம் தேவையில்லை.

வினோஜா: ... நான் இப்ப எழும்பிப் போயிடுவன்.

அனோஜன்: இரும், இரும். சேர் தானே சொன்னவர், மேலாலை எடுத்த செய்மதிப் படத்திலை எங்கட ஊருக்குக் கட்டிடம் மூண்டு வீதம்தான் கிடக்கு, அது பிழை, நடந்து பாத்துத் திருத்துங்கோ எண்டு. திருத்தினனான்.

வினோஜா: மூண்டு எண்பத்திரண்டாகிறதுக்குப் பேர் திருத்தமே? நடந்து பாத்தனீரோ?

அனோஜன்: நடந்தனான்.

வினோஜா: எந்த ஒழுங்கையாலை?

அனோஜன்: எல்லா ஒழுங்கையாலையும்.

வினோஜா: நாய் கலைச்சதே?

அனோஜன்: இல்லையே.

வினோஜா: அப்ப நீர் நடக்கேல்லை. மடத்துவெளியிலை நடந்தவனை நாய் சும்மா விட்டதாச் சரித்திரமில்லை. உண்மையைச் சொல்லும். அந்த எண் எங்காலை வந்தது?

அனோஜன்: ... வட்ஸ்அப் குறூப்பிலை கேட்டனான்.

வினோஜா: எந்தக் குறூப்?

அனோஜன்: “மடத்துவெளி உறவுகள், ரொறன்ரோ.”

வினோஜா: கடவுளே. அவை ஊரை விட்டுப் போய் முப்பது வருஷமப்பா!

அனோஜன்: அதாலைதான் நல்ல ஞாபகமா இருக்கினம்.

வினோஜா: என்னெண்டு கேட்டனீர்?

அனோஜன்: “மடத்துவெளியிலை உங்கட வீடு எவ்வளவு பெரிசு?” எண்டு.

வினோஜா: வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களிட்டை, நூறு பேர் பாக்க, கேக்கிற கேள்வியே அது?

அனோஜன்: முதல் ஆள் ரெண்டு மாடி எண்டு எழுதினார். மற்றவர் விடுவாரே? ரெண்டு மாடியும் கார் கொட்டிலும். பிறகு அவரின்ரை மச்சாள்... இவருக்கும் அவவுக்கும் கதை பேச்சு இல்லை... அவ மூண்டு மாடி. ஒருத்தர் கலியாண மண்டபம் எண்டார். கட்டி முடிஞ்சுதோ எண்டு கேட்டன். கல்லு நாட்டியாச்சாம்.

வினோஜா: கல்லு நாட்டினதுக்கு எவ்வளவு போட்டனீர்?

அனோஜன்: மண்டபம் முழுக்க. பந்திக்குத் தனி இடம்.

வினோஜா: பொறும், பொறும். மாடி மேலை போனால் நிலம் கூடாதே. மூண்டு மாடியும் ஒரே கூரைக்குக் கீழைதானே?

அனோஜன்: அதை அவைக்குச் சொல்ல மனம் வரேல்லை. மாடியளை இறக்கிப் பக்கத்திலை பக்கத்திலை வைச்சிட்டன்.

வினோஜா: எங்களுக்கு முந்தின வருஷத்துப் பிரசாந்தன் அண்ணையை நினைச்சுப் பாரும். வெளியிலை போய் அளக்காமல் வீட்டிலை இருந்துகொண்டு மழைக் கணக்கு எழுதினவர். பிடிச்சு ஒரு வருஷம் திரும்பப் படிக்கப் போட்டார் சேர். இண்டைக்கும் கம்பஸ் கன்ரீனிலை எங்களோடைதான் நிண்டு றோல்ஸ் தின்னுறார். எனக்குக் கொழும்பிலை வேலை சரிவந்திருக்கு, தெரியும்தானே. ஆனியிலை பட்டத்தோடை போய் நிக்கோணும். இல்லாட்டி வேறை ஆளை எடுப்பினமாம்.

அனோஜன்: தெரியும்.

வினோஜா: தெரிஞ்சும் ஏன் நடக்கேல்லை?

அனோஜன்: ஒரு நாள் போனனான். நாய் கலைக்காத ஒழுங்கை அது... நாய்க்குச் சோறு போடவும் ஆளில்லை. படலை முழுக்கப் பூட்டு. ஒண்டு மட்டும் திறந்து கிடந்தது. எட்டிப் பாத்தன், குசினிக்குள்ளை மாடு படுத்திருந்து என்னைப் பாத்துது. ஆரடா நீ எண்ட மாதிரி. திரும்பி வந்திட்டன். சொந்த ஊருக்குச் சைபர் எண்டு எழுத ஏலாமல் போச்சு.

வினோஜா: சைபர் எண்டு ஆர் சொன்னது?

அனோஜன்: ஆளில்லையே.

வினோஜா: மொடலுக்கு ஆள் எதுக்கு? அது கேக்கிறது கூரையையும் சீமெந்தையும். படலை பூட்டிக் கிடக்கெண்டு வெய்யில் திரும்பிப் போறேல்லை, உம்மைப் போலை.

அனோஜன்: ... அட.

வினோஜா: என்ன அட?

அனோஜன்: இதை முந்தியே சொல்லியிருந்தால் கடல் தப்பியிருக்கும்.

வினோஜா: மோட்டச்சைக்கிள் சத்தம். வந்திட்டார். நான்தான் கதைப்பன். நீர் வாயைத் திறக்காதேயும்.

சேர்: வணக்கம். அனோஜன், குடிக்கத் தண்ணி ஒண்டு தாரும். முப்பத்தொன்பது பாகை எல்லே.

அனோஜன்: ஓம் சேர். இந்தாங்கோ.

சேர்: பாலத்தாலை வரேக்கை ரெண்டு பக்கமும் கடல் மாதிரி ஒண்டு தெரிஞ்சுது. உங்கட தரவிலை அப்பிடி ஒண்டும் இல்லை. கண்தான் பிழையாக்கும் எண்டு இறங்கித் தொட்டுப் பாத்தனான். ஈரமா இருந்துது.

அனோஜன்: மாரித் தண்ணி தேங்கியிருக்கும் சேர்.

வினோஜா: வாயை மூடும்.

சேர்: சரி. நகரம் எங்கை?

வினோஜா: சேர், அது வந்து...

அனோஜன்: பூட்டியிருக்கு சேர்.

சேர்: நகரமோ?

அனோஜன்: ஓம் சேர். திறப்பு பூட்டின ஆக்களிட்டை, கனடாவிலை.

சேர்: எப்ப திறப்பினம்?

அனோஜன்: கோயில் திருவிழாவுக்கு. பத்து நாள். பிறகு திரும்பப் பூட்டு.

சேர்: நல்லது. பூட்டின நகரத்தையே பாப்பம். நடவுங்கோ.

வினோஜா: இந்த ஒழுங்கையாலை போவம் சேர். முள்ளு, பாத்து.

சேர்: இந்தப் பெரிய ஆலமரத்தைப் பனை, பற்றையோடை சேர்த்ததோ, என்னெண்டு?

வினோஜா: குனிஞ்சு பாருங்கோ சேர். அது மரமில்லை, வீடு. கூரையைப் பிரிச்சுக்கொண்டு மேலை வந்திருக்கு.

சேர்: ... ஓம்! உள்ளுக்கு அலுமாரி தெரியுது.

வினோஜா: இந்தப் பக்கமும் அப்பிடித்தான். முத்தம் முழுக்கச் சீமெந்து, மேலை வேம்பு. செய்மதி மேலாலை பாக்கேக்கை பச்சையைத்தான் காணும், கீழை கிடக்கிற கல்வீட்டைக் காணாது. அதுதான் அந்தப் படத்திலை மூண்டு வீதம் எண்டு கிடக்கு. அது பிழைதான் சேர். நல்லாக் கூடப் போடத்தான் வேணும்.

சேர்: எவ்வளவு?

வினோஜா: நடந்து அளந்தால்தான் சொல்லலாம். பதிமூண்டு, பதினாலு வரும் எண்டு நினைக்கிறன்.

சேர்: இதைத்தானே நான் உங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி விட்டனான். அருமையான விஷயம். அப்ப எண்பத்திரண்டு எங்காலை? சரி, அதைப் பிறகு கேக்கிறன். வினோஜா, உம்மட இறுப்பிட்டிக்கு எண்பத்தஞ்சு கிடக்கு. நீர் கவனமான பிள்ளை. அது நடந்து எடுத்ததுதானே?

வினோஜா: ஓம்... ஓம் சேர்.

அனோஜன்: நாய் கலைச்சதே?

வினோஜா: லண்டன்.

அனோஜன்: என்ன லண்டன்?

வினோஜா: “இறுப்பிட்டி ஒன்றியம், லண்டன்.” அவையின்ரை குறூப்பிலை கேட்டனான். நீர் எண்பத்திரண்டு போட்டதை அங்கை ஆரோ கேள்விப்பட்டு, மடத்துவெளிக்குக் கீழை எங்களைப் போடக்கூடாது பிள்ளை எண்டு நாலு பேர் போன் எடுத்துப் பேச்சு. எண்பத்தஞ்சு போட்டாப் பிறகுதான் ஓய்ஞ்சவை.

அனோஜன்: இவ்வளவு நேரமும் என்னை வைச்சு உரிச்சனீரே!

வினோஜா: நான் கடலிலை கை வைக்கேல்லை.

அனோஜன்: அப்ப நூறுக்கு எதை எடுத்தனீர்?

வினோஜா: பனையை.

அனோஜன்: இறுப்பிட்டியிலை ஒரு பனையும் இல்லையோ?

வினோஜா: ஒண்டும் இல்லை.

சேர்: அப்ப ரெண்டு பேரும் ஒரு அடியும் நடக்கேல்லை.

வினோஜா: நடக்கேல்லை சேர்.

அனோஜன்: சேர், துவக்கினது நான். நான் கேட்டபடியால்தான் லண்டன் எழும்பினது. ஒரு வருஷம் போடுறதெண்டால் எனக்குப் போடுங்கோ. அவவுக்கு ஆனியிலை வேலை இருக்கு.

வினோஜா: நீர் சும்மா இரும். என்ரை எண்ணை நான்தான் எழுதினனான்.

சேர்: ரெண்டு பேரும் சும்மா இருங்கோ. இந்தத் தரவு இன்னும் என்னைத் தாண்டி ஒருத்தரிட்டையும் போகேல்லை. போயிருந்தால் கதை வேறை. திங்கக்கிழமைக்குள்ளை ரெண்டு சதுரத்தையும் ஒழுங்கை ஒழுங்கையா நடந்து அளவுங்கோ. கடலைக் கொண்டுவந்து பழைய இடத்திலை விடும். பனையளைத் திரும்ப நடும். மாடியளை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்குங்கோ. பிறகு மொடலை ஓட்டிப்போட்டு எனக்கு அனுப்புங்கோ.

வினோஜா: ... ஒரு வருஷம்?

சேர்: ஒரு வருஷமும் இல்லை. நேரத்துக்குப் பட்டம் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போம்.

வினோஜா: சேர்... நான் இதிலை கொஞ்சம் இருக்கப்போறன்.

அனோஜன்: முள்ளு அது.

வினோஜா: பரவாயில்லை.

அனோஜன்: இப்பத்தான் காத்து வருது சேர். இருபத்தஞ்சு பாகைதான் இருக்கும்.

சேர்: அது எப்பவும் அவ்வளவுதான் இருந்தது.

அனோஜன்: சேர், ஒண்டு கேக்கட்டோ?

வினோஜா: கேக்காதேயும்! தந்ததை வேண்டிக்கொண்டு போம்.

அனோஜன்: இல்லை, விளங்கேல்லை. மாடியளை அடுக்கச் சொன்னனீங்கள். மாடியளை இறக்கி வைச்ச கதையை நாங்கள் உங்களுக்குச் சொல்லவே இல்லையே. பிரசாந்தன் அண்ணைக்கு ஒரு வருஷம் போட்டனீங்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இந்த மன்னிப்பு?

சேர்: பிரசாந்தன்ரை மழையிலை எனக்குப் பங்கில்லை, தம்பி... என்ரை மனுசி மடத்துவெளி. அந்த ரொறன்ரோக் குறூப்பிலை “அப்புத்துரை மருமகன்” எண்டு கிடக்கிறது நான்தான். நீர் கேட்ட அண்டைக்கு மாமா போன் எடுத்து, எல்லாரும் எழுதீனம், எங்கட வீட்டையும் எழுதுமன் எண்டு நிண்டார். நானும் மூண்டு மாடி எழுதினனான், எண்பத்திரண்டைக் கண்டவுடனை அது நிலத்திலை பரந்தது விளங்கீட்டுது... அந்த வளவிலை ஒரு கிணறு மட்டும்தான் இருக்கு, அதை நீங்கள் தண்ணியோடை சேர்த்துவிடுங்கோ.