பேர் சொன்னால் இருக்கலாம்

— அப்போ பொண்ணோட குறை எங்க பக்கத்துல இருந்து வரலன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்கல்ல? அத முதல்ல சொல்லு.

— உங்க பக்கமும் இல்ல, என் பக்கமும் இல்ல. கருவுல அதுவா ஆனதாம். உங்க அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, நிம்மதியாத் தூங்கட்டும்.

— நக்கல் பண்ணாத. என்னதான் கெட்டுப் போயிருக்காம்?

— கேளுங்களேன். மூளையில நரம்பும் நரம்பும் சேர்ற இடத்துல, சேதி வாங்குறதுக்கு ரிசெப்டர்னு இருக்குமாம். அத ஒழுங்கா வச்சுக்குற புரதத்த ஒரு ஜீன் செய்யுது. நம்ம பொண்ணுக்கு அந்த ஜீன் உடைஞ்சிருக்கு. அதான் எதுவும் சட்டுனு மனசுல ஒட்ட மாட்டேங்குது.

— என் கடைக்கு இப்படி ஒரு செல்போன் வந்தா, போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னு திருப்பி அனுப்பிடுவேன். கார் சாவி எங்க? சனியன், வச்ச இடத்துல இருக்குதா பாரு.

— கேளுங்களேன். ஒட்டவே ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லல. ஒரே வார்த்தைய விடாமக் கேட்டுக்கிட்டே இருந்தா ஒட்டுமாம். ஒட்டிடுச்சுன்னா லேசுல போகாதாம்.

— ஆறு வயசாச்சு. நீயும் தொண்டத்தண்ணி வத்தக் கத்துற. இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை வந்துச்சா? ஏய் சனியனே, பையக் கடிக்காத! ஹோம்ல சேர்ற முதல் நாளே எச்சிப் பையோட போய் நிக்கப் போறியா?

— பிள்ளைய அப்படிக் கூப்பிடாதீங்க. எப்பப் பாத்தாலும் அதேதான்.

— அதுக்கு என்ன புரியப் போகுது? செவிடன் காதுல ஊதுன சங்கு.

— அவ தன் பேரச் சொல்லிட்டா வீட்டுலயே இருக்கட்டும்னு வாக்குக் குடுத்தீங்க.

— குடுத்தேன். ஹோம்ல இடம் கிடைக்கிற வரைக்கும்னு சொன்னேன். கிடைச்சாச்சு. உன் வயித்துல இன்னொண்ணு வளருது, அதையாவது நல்லபடியா வளப்போம். எந்திரி சனியனே, செருப்பு போடு.

— ஒரே ஒரு தடவ கேட்டுப் பாத்துடுறேங்க. உங்க கால்ல வேணா விழறேன். பெத்த வயிறு எரியுது.

— கேளு, கேளு. நான் என்ன அது வாயப் பொத்திக்கிட்டா இருக்கேன்? சொல்லட்டும், சாவியத் தூக்கி ஜன்னல் வழியா வீசிடுறேன்.

— கண்ணு, இங்க வா. அம்மா தொண்டையில கை வை. தினமும் வைப்போம்ல, அதே மாதிரி. உன் பேரு என்ன? உன்ன எப்படிக் கூப்பிடுவோம்?

— போதும், விடு. கிளம்பணும்.

— இருங்க, இருங்க! உதடு அசையுது பாருங்க! என் ராசாத்தி, அப்படித்தான். பயப்படாத. அப்பாவப் பாத்துச் சொல்லு. உன் பேரு என்ன?

— ச... னி... யன்.