போன வருஷம் யாருங்க போட்டது?

நான் எப்போது நீட்டி முழக்குவேன், எப்போது அடிக்கலாம் என்று கையில் மணியோடு காத்திருக்கும் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் சங்கத்தின் செயலாளர், பொருளாளர் பெருமக்களே! கணினி வருவதற்கு முன்பே கணக்கில் கரை கண்ட மூத்தோரே! வரிக் காலம் முழுவதும் வீட்டில் முகம் காட்டாத கணவரை இன்று கையோடு பிடித்து இழுத்து வந்திருக்கும் தாய்மார்களே! அதே காரணத்துக்காக மனைவியை அழைத்து வந்திருக்கும் ஐயாமார்களே! கூட்டிக் கூட்டிக் களைத்த கண்களே, தட்டித் தட்டித் தேய்ந்த விரல்களே, கடைசி நாளிலும் கலங்காத நெஞ்சங்களே! தாக்கல் முடிந்தது, தலைவலி தீர்ந்தது. உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்குக் கொடுத்த நேரம் குறைவு. என் பொறுமை அதைவிடக் குறைவு. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்ன ஐயா, பின்வரிசையிலிருந்து? "நாற்காலி ரொம்பச் சின்னதா இருக்கு தம்பி!" தெரிகிறது ஐயா. முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கதை உண்டு, அதைத்தான் சொல்லப் போகிறேன். அதுவரை ஆடாதீர்கள். உடைந்தால் தொழில் செலவில் காட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நண்பர்களே, நம் தொழிலுக்கென்று ஒரு பல்லவி இருக்கிறது. புதிதாக ஒருவர் வந்து எதிரே உட்காருகிறார். பழைய கணக்கை நீட்டுகிறார். முதல் பக்கத்தைத் திருப்புகிறோம். மூக்குக் கண்ணாடி இறங்குகிறது, புருவம் ஏறுகிறது, உதடு சுழிகிறது. என்ன கேட்கிறோம்? சத்தமாகச் சொல்லுங்கள்!

"போன வருஷம் யாருங்க போட்டது?"

ஆகா! எல்லோருக்கும் மனப்பாடம்! குழாய் சரிசெய்ய வருபவரும் இதைத்தான் கேட்கிறார், முடி வெட்டுபவரும் இதைத்தான் கேட்கிறார். ஆனால் அவர்கள் கேட்டால் போவது கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் முடி. நாம் கேட்டால்? ஒரு மனிதரின் வாழ்க்கைத் திட்டமே கவிழ்ந்து போகலாம்! கவிழப் பார்த்தது. கேளுங்கள்.

ஓர் அம்மா. வீட்டு முன்னறையில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார். வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் விட்டுப் போவார்கள், மாலையில் தூக்கிப் போவார்கள். முன்னறை நிறைந்தது, நடை நிறைந்தது, கடைசியில் ஒரு குழந்தை சாப்பாட்டு மேசைக்கு அடியில் தூங்கியது. வீட்டை விற்க வேண்டும், அந்தப் பணத்தில் பெரிய கூடம் ஒன்று எடுக்க வேண்டும், காப்பகத்தைப் பள்ளிபோல் நடத்த வேண்டும்! அது அவருடைய பல வருட ஆசை.

அவர் கணக்கை முதலில் பார்த்தவன் நான். அந்த முன்னறையைத் தொழில் நடக்கும் இடம் என்று காட்டினால் அந்த வருட வரி குறையும். நான் காட்டவில்லை. ஏன்? குடியிருக்கும் வீட்டை விற்றால் வரும் லாபத்துக்கு விலக்கு உண்டு. தொழிலிடம் என்று காட்டிய பகுதிக்கு அந்த விலக்கு கிடையாது. இன்றைக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் நாளைக்குக் கூடமே கைவிட்டுப் போகும். இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். சொன்ன வேகத்தில் அவர் தலையாட்டினார். அடுத்த வருடம் எதிர்க்கட்டட அலுவலகத்துக்குப் போய்விட்டார். "தம்பி நல்லா செய்யுது, ஆனா பேசினா டிக்கெட் பரிசோதகர் மாதிரி இருக்கு" என்று காரணமும் சொன்னாராம். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

எதிர்க்கட்டடத்தில் இருந்தவர் யார்? முத்திரை அக்கா! அவர் ஒரு முத்திரை குத்தினால் பக்கத்து மேசைத் தேநீர் துள்ளும். இதோ, மணியோடு வீற்றிருக்கும் நம் தலைவரேதான்! அவரும் பல்லவியைப் பாடினார்.

"போன வருஷம் யாரும்மா போட்டது?"

"எதிர்த்த கட்டடத்துத் தம்பிங்க."

"தூங்கிக்கிட்டே போட்டிருக்கான்! முன்னறையையே காணோமே. திருத்திப் போட்டா பணம் திரும்பி வரும்மா."

திருத்தப் படிவம் நிரம்பியது. முத்திரை உயர்ந்தது. அந்த அம்மா மெல்லச் சொன்னார்: "முன்னறையைப் பத்தி அந்தத் தம்பி ஏதோ சொன்னாருங்க. எனக்குத்தான் புரியலை."

ஏதோ சொன்னார்! நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொண்டிருப்போம்? அக்கா போட்டுக்கொண்டார். உயர்ந்த முத்திரை உயர்ந்தபடி நின்றது. "உங்க கணக்கைப் பத்தி அவன்கிட்டப் பேச எனக்குச் சம்மதம் கொடுக்கறீங்களா?" என்று முறையாகக் கேட்டார். தொலைபேசியை எடுத்தார்.

"ஏன்டா தம்பி, நீ படிச்சவன்தானே?"

"யாரு பேசறது?"

"முத்திரைச் சத்தம் உன் ஜன்னல் வரைக்கும் கேக்குமே. அந்த அக்கா."

"சொல்லுங்க. சீக்கிரம்."

"முன்னறையை ஏன் விட்டே?"

"வீட்டை விக்கப் போறாங்க."

முத்திரையை மேசையில் மெதுவாக வைக்கும் சத்தம், அந்தக் கட்டடத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கேட்டது!

"இதை அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னேனே!"

"சொன்னே. ரயில் போற மாதிரி சொன்னே. சரி, புதுக் கூடத்தை யார் பேர்ல எடுக்கச் சொன்னே?"

"அவங்க பேர்லதான்."

"தொழில் பேர்ல எடுத்தா தரை, சுவர், தண்ணிக்குழாய் வேலை எல்லாம் தொழில் செலவாயிடுமே. எந்தக் காலேஜ்டா உனக்குப் பட்டம் கொடுத்தது?"

இந்தப் பக்கம் ஒருவன் பேனாவைத் தேடி அதைக் குறித்துக்கொண்டான். அது நான்.

நடுவில் அந்த அம்மாவின் குரல் கேட்டது: "ரெண்டு பேரும் சண்டை போடறீங்களா?"

அக்கா சொன்னார்: "இல்லைம்மா, வேலை பாக்கறோம்."

தோழர்களே! அவர் ஒரு கூடத்துச் செலவை மிச்சப்படுத்தியதை நான் பார்க்க மாட்டேன், நான் ஒரு வீட்டைக் காப்பாற்றியதை அவர் பார்க்க மாட்டார் என்றால், இடையில் நசுங்குவது யார்? நம்மை நம்பி வந்த மனிதர் அல்லவா? வாடிக்கையாளர் எதிரே வருவார், போவார். அதற்காக எதிர்க்கட்டடத்தில் இருப்பவர் பகையாளியா? சட்டம் வருடா வருடம் மாறுகிறது. ஒற்றை மண்டைக்குள் அத்தனையும் அடங்குமா? என் மண்டையில் அடங்கவில்லை. தம் மண்டையில் அடங்கும் என்பவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை! வாழ்க உங்கள் நேர்மை!

ஆகவே பல்லவியை மாற்றுவோம். யார் போட்டது என்று முகம் சுளிக்கும் முன், ஏன் இப்படிப் போட்டார் என்று கேட்போம். வாடிக்கையாளரிடம் சம்மதம் பெறுவோம், பழையவரைக் கூப்பிடுவோம், திட்ட வேண்டுமானால் திட்டிவிட்டுக் கற்றுக்கொள்வோம். நாம் விட்ட இடத்தில் ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதி வைப்போம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒப்புக்கொள்பவர்கள் கை தூக்குங்கள்! அடேயப்பா! எங்கு பார்த்தாலும் கை! தீர்மானம் நிறைவேறியது!

மணி அடித்துவிட்டார் தலைவர். முடிக்கிறேன், அக்கா.

பின்வரிசை ஐயா, உங்கள் நாற்காலி ஏன் சின்னது? வாசலில் கை கழுவும் தொட்டி ஏன் உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது? சுவரில் பாதி உயரம் வரை மட்டும் ஏன் வண்ணக் கிறுக்கல்? நாளைக் காலை இதே நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்களின் கால் தரையைத் தொடாது, ஐயா. இது அந்த அம்மாவின் கூடம்! தொழில் பேரில் எடுத்த கூடம்! வீடு விற்ற பணத்தில் வந்த கூடம்! வாடகை வேண்டாம் என்று நமக்குத் திறந்துவிட்டிருக்கிறார். அம்மா, கதவருகே ஒளியாதீர்கள், முன்னால் வாருங்கள்!

என்ன சொல்கிறீர்கள், அம்மா? "தம்பி இப்பவும் வேகமாத்தான் பேசறாரு. ஆனா இந்தத் தடவை எல்லாம் புரிஞ்சுது."

போதும். இந்த வருட உழைப்புக்கு எனக்கு இது போதும்.

இடம் தந்த அம்மாவுக்கும், திட்டுத் தந்த அக்காவுக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. இப்போது எல்லோரும் எழுந்திருங்கள். முடியவில்லையா? அந்த நாற்காலியிலிருந்து யாரும் தனியாக எழ முடியாது, நானும் முயன்று பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுங்கள். அவர் எதிர்க்கட்டடத்துக்காரராக இருந்தால் இரண்டு கையும் கொடுங்கள்!

வணக்கம்!