காதில் விழாத சீறல்

இப்போதெல்லாம் எவனைப் பார்த்தாலும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் திரிகிறான், ஐயா. எங்கோ பாடுகிறவன் குரல் கேட்கிறது, பக்கத்தில் நிற்கிற மனுஷன் பேச்சு மட்டும் கேட்பதில்லை.

என் மாப்பிள்ளையும் அந்த ரகம்தான். பழப்பெட்டிகள் அடுக்கும் குளிர்கிடங்கில் குளிரூட்டும் வாயுக்குழாய் வால்வுகள் என் பொறுப்பு. என் மகளைக் கட்டியவர் அங்கேயே கசிவு பார்க்கிற வேலைக்கு வந்தார். கையில் டார்ச் மாதிரி ஒரு கருவி, தலையில் ஹெட்போன். குழாயில் ஓட்டை விழுந்தால் சீறுமாம். மனுஷக் காதுக்கு எட்டாத சீறலாம். கருவி அதன் சுருதியைத் தணித்து நம் காதுக்குக் கொடுக்குமாம், பதிவும் செய்துகொள்ளுமாம்.

கடைசி அறை வால்வில் சிவப்பு நாடா கட்டினார். "மாமா, இதை மட்டும் திறந்துடாதீங்க. உள்ள கசியுது. வாசனையே வராது, மூச்சை நிறுத்திடும்."

குழாயில் காதை வைத்துப் பார்த்தேன். "ஒண்ணும் கேக்கலியே மாப்ளே."

"நான் கூப்பிடுறதே உங்களுக்குக் கேக்காது மாமா."

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "பெரியவருக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டணும்பா" என்றான் ஒருத்தன்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவர் வாய் அடைய வேண்டும், அவ்வளவுதான். பெட்டிகளைப் பார்க்க அவர் உள்ளே போனதும் நாடாவை அவிழ்த்து, மடித்துப் பையில் வைத்தேன். வால்வை முழுசாகத் திறந்தேன். கதவை வெளியே தாழிட்டேன். குளிர் வீணாகக் கூடாது பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், "ஒண்ணுமே ஆகலை மாமா" என்று அசடு வழிய வருவார் என்று ஸ்டூல் போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கும் போகவில்லை.

"அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாமேப்பா" என்று மகள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். காதை வைத்துக் கேட்டேனே. கேட்கவில்லையே.

அவர் கருவியில் பதிவானதை நீங்கள் என் காதில் மாட்டிக் காட்டினீர்கள். சீறல் கேட்டது. கருவியே போடுகிற சத்தமாக இருக்கும். நடுவில் கதவு தட்டுகிற சத்தம், "மாமா, மாமா" என்று ஒரு குரல். அதுவும் அப்படித்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நான்தானே இருந்தேன்? தட்டியிருந்தால் கேட்டிருக்காதா?

கைநாட்டு வைத்துவிட்டேன். இந்த ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். காவலர் கூப்பிடுகிறார், போகிறேன்.

காவலர் மூன்று தரம் கூப்பிட்டாரா? இல்லை ஐயா. ஒரு தரம்தான் கூப்பிட்டார்.