பூந்தொட்டி வைத்த அக்கா

தேநீருக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. என் மனைவிக்கு அந்த ஸ்மார்ட்போனை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் "ம்" மட்டும்தான். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள்; சாப்பிட்ட என்னை அல்ல, படத்தைப் பார்த்த ஊர் பேர் தெரியாதவர்களை.

"நான் என்ன சுவரா? என்கிட்டயும் பேசேன்டி" என்றேன்.

"பேசிட்டுத்தானேங்க இருக்கேன்" என்றாள், விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே. எரிச்சல் வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் பழியாகக் கிடந்த அந்தச் செயலியில் நானும் சேர்ந்தேன், ஓர் அக்காவாக. தனியாக இருப்பவள், செடி வளர்ப்பவள் என்று எழுதி, முகத்துக்குப் பதில் பூந்தொட்டிப் படம் வைத்தேன். பசை மாதிரி ஒட்டிக்கொண்டாள். சோபாவின் இந்த ஓரத்தில் நான் தட்டுவேன், அந்த ஓரத்தில் அவள் சிரிப்பாள். பாட்டுக் கற்க ஆசைப்பட்டது, அப்பாவிடம் அடி வாங்கியது, எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினாள். தாலி கட்டிய எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. வயிறு எரிந்தது ஐயா.

ஒருநாள் அக்கா கேட்டாள், வீட்டுக்காரர் எப்படி என்று.

"நல்லவர்தான்க்கா. ஆனா பக்கத்துல இருந்தாலே மூச்சு முட்டுது. பேசாம உங்ககிட்டயே வந்துடவா?"

வா கண்ணு என்று எழுதினேன். நான் வேலை பார்த்த கட்டடத்தின் முகவரியைத் தந்தேன். ஓடுகிற லிஃப்டில் எட்டாம் மாடிக்கு வந்து, எதிர் லிஃப்டில் இன்னும் ஒரு மாடி ஏறு, கதவு திறந்தே இருக்கும் என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆள் நிற்கும் லிஃப்ட் பெட்டியைத்தான் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்தேன். வாசலுக்குக் குறுக்கே இருந்த தடுப்பை எடுத்து ஓரமாக வைத்தேன், விளக்கையும் அணைத்தேன்.

கையில் ஒரு பையோடு வந்தாள். நடை தயங்கியது. உடனே ஒரு செய்தி அனுப்பினேன்: "உன்னைப் பார்க்கப் போறேன்னு கையெல்லாம் நடுங்குது கண்ணு." அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே கால் எடுத்து வைத்தாள்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் படிக்கட்டுப் பக்கம் கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருந்தேன். ஒரே ஒரு தடவை போனை விட்டுக் கண்ணெடுத்து என்னைப் பார்த்திருந்தால் பிடித்து இழுத்திருப்பேன் ஐயா. அந்தப் பாழாய்ப்போன போன்தான் விடவில்லை.