படலையடியில் சத்தியாக்கிரகம்

கிட்ட வந்து இருங்கள். விளக்கைத் தணித்துவிடுங்கள், மண்ணெண்ணெய் மிச்சம். இது நான் கண்டதில்லை. என் கூட்டாளி செல்வத்துரையின் பெரியப்பாவுக்கு நடந்தது. குருநகர் இன்னாசித்தம்பி. கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் நிற்கும் வள்ளத்துக்குக் கேட்கும்... அப்படி ஒரு குரல் அவருக்கு.

நேரம் உச்சி. ஓம், நல்ல வெயில். காலையில் கடற்பக்கமிருந்து நேவிக்காரர் திரும்பவும் செல் குண்டு அடித்திருந்தார்கள். வீதியில் நாய்கூட இல்லை. இன்னாசித்தம்பி மீன் கடகத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தனியாக வருகிறார். சங்கிலியின் 'கிறீச்... கிறீச்' மட்டும்தான் சத்தம். வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பினார்...

வாசற் படலையடியில் ஒருவர் சம்மணம் கட்டி இருந்தார். வெள்ளை வேட்டி. வெறும் மேல். இரண்டு கையும் மடியில். காதுக்கு மேலே தலையில் ஒரு பள்ளம்.

ஜெபநேசன் வாத்தியார்.

அவரைப் புதைத்த இடத்தில் வைத்த பூ இன்னும் முழுதாகக் காயவில்லை.

ஜெபநேசன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். எண்பத்தைந்தில், சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த மாதங்களில், ஒரு நாடகம் எழுதிப் பழக்கினார். கூத்தும் இல்லை, வழக்கமான நாடகமும் இல்லை. ஒரு சொல்கூடப் பேச்சாக வராது. கோபப்படுவதும் பாட்டு, தண்ணீர் கேட்பதும் பாட்டு. வெள்ளைக்காரர் ஒப்பெரா என்பார்களே, அது. ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துப் பியானோ, மறுபக்கம் அளவெட்டியிலிருந்து வந்த நாதஸ்வரம். கதை அருளம்பலத்தார் என்ற பழைய அரசியல் தலைவருடையது. எப்போதோ செத்துப்போனவர். அரசாங்கக் கந்தோர் வாசலில் சனத்தோடு போய் இருந்து, பொலிஸ் அடிக்க அடிக்கக் கை ஓங்காத மனிதர்.

அந்த வேஷம் தனக்குத்தான் என்று இன்னாசித்தம்பி நினைத்திருந்தார். ஜெபநேசன் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்:

"உன்ரை குரல் அடிக்கிறவன்ரை குரல், இன்னாசி. நீ பொலிஸ்காரனுக்குப் பாடு. அருளம்பலத்தாருக்கு நான் பாடுறன்."

பியானோவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

நாடகத்தன்று மைதானம் நிறைந்த சனம். பின்வரிசையில் இளம் பெடியன்கள். அவர்களுக்கு அருளம்பலத்தாரைக் கண்ணில் காட்டக் கூடாது.

"இருந்து என்னத்தைக் கண்டவர் உவர்? எழும்பி அடியும் ஓய்!"

ஒரு கல் மேடையில் விழுந்தது. ஜெபநேசன் அசையவில்லை. அடிக்கும் கட்டம் வந்தது. பொலிஸ்காரனின் பொல்லு காகித மட்டையில் செய்து கறுப்புத் துணி சுற்றியது. அன்றைக்கு இன்னாசித்தம்பி அந்தத் துணியை ஒரு பூவரசந்தடியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் அடி தோளில். 'மொத்'... ஜெபநேசன் நிமிர்ந்து பார்த்தார். விளங்கிவிட்டது அவருக்கு. ஆனால் கை மடியிலேயே இருந்தது. பாட்டும் நிற்கவில்லை. அடுத்த அடி காதுக்கு மேலே. குரல் கொஞ்சம் இறங்கியது... திரும்பவும் ஏறியது.

"போடு! இன்னும் போடு!" என்று பின்வரிசை கைதட்டியது. இன்னாசித்தம்பி போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஜெபநேசன் சொன்னது ஒன்றுதான்: "மேடையிலை தவறி விழுந்திட்டன்." தலைக்குள் இரத்தம் கட்டிச் செத்துப்போனார். இன்னாசித்தம்பிக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "சாகேக்கையும் நல்லவன் எண்ட பேரை எடுத்துக்கொண்டு போட்டான்" என்று மனைவி மார்கிரட்டிடம் காறித் துப்பாத குறையாகச் சொன்னார்.

இப்போது படலையடியில் அந்த மனிதர்.

"எழும்பும் வாத்தியார்." அசைவில்லை. "எழும்படா!"

அசைவில்லை. இன்னாசித்தம்பி சைக்கிளை வீதியிலேயே போட்டுவிட்டு வேலியில் நாய் நுழைகிற பொட்டுக்குள்ளால் நுழைந்து வீட்டுக்குள் போனார்.

"படலை திறந்துதானே கிடக்கு? ஏன் பொட்டுக்குள்ளாலை வாறியள்?" என்றார் மார்கிரட். அவருக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் உச்சியிலும் வந்து இருந்தது. இன்னாசித்தம்பி மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு ஊற்றினார். தண்ணீர் அந்தத் தோளில் பட்டு வழிந்தது. பிறகு பொல்லை எடுத்தார். குசினிக்குள் நின்ற மார்கிரட்டுக்குச் சத்தம் கேட்டது. மொத்... மொத்... ஓடிவந்து பார்த்தால், புருஷன் வெறும் வெளியில் அடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் விழுகிற ஒவ்வொரு அடியும் சதையில் படுகிற சத்தம்.

மறுநாள் வாத்தியாருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து இருந்தார். யாரோ ஒரு கிழவர். அதற்கடுத்த நாள் பெண்கள். பிறகு ஒழுங்கை நிறையச் சனம். பொழுதுபட்டாலும் எழும்பிப் போகவில்லை. வேலிப் பொட்டையும் மறித்து இருந்துவிட்டார்கள். யாரும் இன்னாசித்தம்பியைப் பார்க்கவில்லை, திட்டவில்லை. காற்று வீட்டுப்பக்கம் திரும்பினால் ஒரு நாற்றம்... பட்டினி கிடக்கிற வாயின் நாற்றம். அது மட்டும் மார்கிரட்டுக்கும் மணந்தது.

"என்ன வேணுமெண்டு கேளுங்கோவன்!" என்று அழுதார் மார்கிரட்.

"கேட்டுப் பாத்திட்டன். வாய் திறக்கிறாங்களில்லை. சும்மா இருக்கிறாங்கள்."

இன்னாசித்தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. மார்கிரட் ஆள் அனுப்பிச் செல்வத்துரையைக் கூப்பிட்டார். அவன் வெறும் ஒழுங்கையால் விறுவிறுவென்று நடந்து வந்தான். பெரியப்பா கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படலைக்கு வந்தான். அவன் கால் வெளியே போனது. பெரியப்பாவின் நெஞ்சு போகவில்லை. கடலடிக் கற்பாரில் கொழுவிய வலை மாதிரி... இழுக்க இழுக்க நின்றது.

"விடடா தம்பி," என்றார். கடலுக்குக் கேட்ட அந்தக் குரல் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. "அவையள் விடாயினம்."

மாரி மழைக்கு முன்னரே செத்துப்போனார்.

அடக்கத்தன்று உச்சி நேரம். நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் இடப்பக்கம் செல்வத்துரை. படலையில் பெட்டி நின்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், பெட்டி முனகியது... போகவில்லை. செபம் சொல்லிக்கொண்டு வந்தவர்களின் வாயும் நின்றது. ஆளை ஆள் பார்த்தார்கள்.

மார்கிரட் முன்னுக்கு வந்தார். வெறும் ஒழுங்கையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"கொஞ்சம் வழி விடுங்கோ. முடிஞ்சுது."



பிறகு மணலில் ஒரு சத்தம். சர்... சர்... இருந்த நிலையிலேயே நிறையப் பேர் இரண்டு பக்கமும் அரக்கி அரக்கி ஒதுங்குகிற மாதிரி. படலையில் தொடங்கி வீதி வரைக்கும் போய் ஓய்ந்தது. பெட்டி இளகிக்கொடுத்தது.

செல்வத்துரைக்குக் காலில் செருப்பு இல்லை. ஒழுங்கை மணல் நெருப்பாகச் சுட்டதாம். ஆனால் வழி நெடுக இடைக்கிடை, ஓர் ஆள் சம்மணம் கட்டி இருந்த அளவுக்கு, வட்டம் வட்டமாகக் குளிர்ந்து கிடந்ததாம். கடைசி வட்டத்தில் ஆள் இன்னும் இருந்ததுபோல. கால் வைத்தபோது, கணுக்காலை ஒரு கை மெதுவாகப் பிடித்து... பக்கத்தில் எடுத்து வைத்ததாம்.