டோன் கேட்காத ஃபேக்ஸ்

சரி... உள்ளே வரும்போதே வாசல்ல நாலு பேர் என்னைப் பிடிச்சுக்கிட்டீங்க. "ஐயா, வெளியூர்ல இருக்கிற பிள்ளை மனசுவிட்டுப் பேசவே மாட்டேங்குறான்"னு. அதுக்கு நான் நேராப் பதில் சொன்னா கோவிச்சுக்குவீங்க. அதனால ஒரு குட்டிக் கதையா மாத்திக் கொண்டாந்திருக்கேன். கேட்டு முடிச்சதுக்கப்புறம் சண்டைக்கு வாங்க.

கோயமுத்தூர்ல ஒரு ரத்தப் பரிசோதனை லேப். ஓனர் டாக்டர் குலசேகரன். எதையும் ஏன், ஏன்னு நோண்டிக்கிட்டே இருக்கிற மனுஷன். ஆபீசைப் பாத்துக்கிறது பிலோமினா. மலைமேல இருக்கிற எஸ்டேட் ஆஸ்பத்திரிகளுக்கு ரிப்போர்ட் இங்கிருந்துதான் போகணும். எதுல போகும்? ஃபேக்ஸ்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின கதைங்க... மலையில அப்போ செல்போன் சிக்னலே கிடையாது.

இங்க யாராவது ஃபேக்ஸ் அனுப்பியிருக்கீங்களா? பின்னாடி ரெண்டு கை தெரியுது... அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல்ல போன் அடிக்கணும். அந்தப் பக்கம் ஒருத்தர் எடுப்பார். "சார், ஃபேக்ஸ் டோன் குடுங்க"ன்னு கேக்கணும். அவர் மெஷின்ல பச்சைப் பட்டனை அமுத்துவார். அப்புறம்தான் பேப்பர் போகும்.

லேப்ல இருந்த ஃபேக்ஸ் லைன் இருக்கே... மழை பேஞ்சாப் படுத்துக்கும். ரோட்டைத் தோண்டுனாப் படுத்துக்கும். அந்த வாரம் ரோட்டைத் தோண்டிட்டாங்க. லைன் படுத்தாச்சு. சரியா அந்த நேரம் பாத்து ஒருத்தர் டை கட்டிக்கிட்டு வர்றார். "டாக்டர், இன்னும் எதுக்கு இந்த லைன்? இன்டர்நெட் ஃபேக்ஸுக்கு மாறிடுங்க. கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட்டை ஏத்தி ஒரு தட்டு தட்டுனாப் போதும். போய்ச் சேந்துடும்."

டாக்டருக்கு ஆசையாத்தான் இருக்கு. பிலோமினாவைப் பாக்குறார். அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அதுல டோன் யாருங்க கேப்பாங்க?"

டை கட்டினவர் சிரிச்சுட்டார். "மேடம், கம்ப்யூட்டர் யாரையும் எதுவும் கேக்காது."

ஒரு வாரம் வச்சுப் பாப்போம்னு முடிவாச்சு. ஊருக்குள்ள எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகுது... ஜோராப் போகுது. டாக்டர் இன்டர்நெட்டுக்கே மாறிடலாம்னு இருக்கார். மூணாவது நாள் காலையில ஒரு ரிப்போர்ட். மலைமேல பேச்சியம்மான்னு ஒரு பொண்ணு, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவ. குழந்தை பெத்து ஆறு நாள். பச்சை உடம்பு. காய்ச்சல் அனலாக் கொதிக்குது, போட்ட மருந்து எதுவும் கேக்கல. எந்த மருந்து கேக்கும்னு இந்த ரிப்போர்ட்லதான் இருக்கு. அங்க இருக்கிற டாக்டரம்மா சொல்லிட்டாங்க. "இருபது மருந்துப் பேரு, போன்ல வாசிச்சா ஒண்ணு இன்னொண்ணாயிடும். எழுத்துல வரட்டும்."

பிலோமினா தட்டுனாங்க. திரையில சிவப்பா வருது... "தோல்வி". மறுபடியும் தட்டுறாங்க. தோல்வி. நாலு தடவை! டை கட்டினவருக்குப் போன் போட்டா, "எங்ககிட்ட கோளாறு இல்லைங்க, அவங்க மெஷினைப் பாக்கச் சொல்லுங்க"ன்னுட்டார்.

ஊருக்கெல்லாம் போற ஃபேக்ஸ் இந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஏன் போகல? நீங்க சொல்லுங்க... ஏன்?

டாக்டருக்கும் அதேதான் மண்டையைக் குடையுது. தன் செல்போனை எடுத்து அந்த ஆஸ்பத்திரி நம்பரை அடிச்சார். எடுத்தது கம்பவுண்டர் சுடலைமுத்து. எடுத்த உடனே கத்துறார்.

"சார், போனை வைங்க சார்! உங்க ஃபேக்ஸ் வரணும்னுதான் லைனைக் காலியா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தப் பிள்ளை உள்ள கிடந்து அனத்துது. இதுல காலையிலருந்து எவனோ ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். பேசவும் மாட்டேங்கான். பீப்பு பீப்புங்கான். நாலு தடவை வஞ்சுபோட்டு வச்சிட்டேன்."

டாக்டருக்குப் புரிஞ்சுபோச்சு, அந்தப் பீப்புதான் ஃபேக்ஸ். நாலு தடவையும் ஃபேக்ஸ் போயிருக்கு... எதுக்காக அந்த மனுஷன் பச்சைத்தண்ணி குடிக்காமக் காவல் இருக்காரோ, அதைத்தான் நாலு தடவையும் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கார். அவர் கெட்டவரா? அந்த ஆஸ்பத்திரியிலேயே அவரைவிட அக்கறையா ஒருத்தர் இல்ல. ஆனா ஊருக்குள்ள மெஷினே தானா எடுத்துக்கும், இங்க அவர்தான் எடுக்கணும். அவருக்குத் தெரிஞ்ச ஃபேக்ஸ், "டோன் குடுங்க"ன்னு கேக்குற ஃபேக்ஸ். இது கேக்கல. அவ்வளவுதான்.

பிலோமினா போனை வாங்கினாங்க. "ஏனுங்ணா, இன்னொரு தடவை அந்தப் பீப்பு சத்தம் வந்தா வச்சுடாதீங்க. பச்சைப் பட்டனை அமுத்துங்க."

அஞ்சாவது தடவை பேப்பர் போய்ச் சேந்துச்சு. மருந்தை மாத்தினாங்க. மறுநாள் காய்ச்சல் இறங்கி, பேச்சியம்மா குழந்தைக்குப் பால் குடுத்தா. டாக்டர் கடைசியில எதை வச்சுக்கிட்டார்னு கேப்பீங்க... இன்டர்நெட் ஃபேக்ஸைத்தான். மலைக்கு மட்டும் பிலோமினா முன்னாடியே ஒரு போன் பண்ணிடுவாங்க. "அண்ணா, பீப்பு வருது, பாத்துக்குங்க"ன்னு.

இப்ப வாசல்ல பிடிச்ச நாலு பேரும் கொஞ்சம் நிமிந்து உக்காருங்க.

பிள்ளை பேசலைன்னு காத்துக்கிட்டே இருக்கீங்க. அவன் போன் பண்றான்... "அம்மா, ரசத்துக்கு மிளகு எவ்வளவு போடணும்?"ங்கிறான். நீங்க என்ன பண்றீங்க? "ரசத்துக்குத்தான் அம்மா ஞாபகம் வருதா?"ன்னு வச்சிடுறீங்க. "அப்பா, எம் பழைய சர்ட்டிபிகேட் எங்க?"ங்கிறான். "பீரோவுல கிடக்கு"ன்னு வச்சிடுறீங்க. அவன் தேடுனது மிளகா? சர்ட்டிபிகேட்டா? உங்க குரலைக் கேக்கணும்னு அவனுக்கு இருக்கு... அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பீப்புங்கிறான்.

அதுதாங்க நீங்க காத்துக்கிட்டிருந்த ஃபேக்ஸ்.

அடுத்த தடவை வந்தா வைக்காதீங்க. மிளகு அளவைச் சொல்லிட்டு, அப்படியே... "நீ சாப்டியாப்பா?"ன்னு கேளுங்க. பச்சைப் பட்டன் உங்க பக்கம்தான் இருக்கு.